மதிப்பெண் பதிவேடு கையில் இல்லாத ஒருவர்

கடலூர் மாவட்டத்தின் கடலோரத்தில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் விலங்கியல் கற்பிக்கிறேன். எங்கள் பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் மீனவக் குப்பங்களைச் சேர்ந்தவர்கள். மீதிப் பேர் நெல்லும் மணிலாவும் முந்திரியும் விளையும் உள் கிராமங்களிலிருந்து மிதிவண்டியிலும் பேருந்திலும் வருபவர்கள். இந்தப் பிள்ளைகளின் மனநலத்துக்காகப் பள்ளியும் ஊரும் சேர்ந்து 2018 முதல் செய்துவரும் ஒரு முயற்சியைப் பற்றி, அதில் நாங்கள் தவறிய இடங்களையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளை யாரும் அடையாளம் கண்டுகொள்ள முடியாதபடி அவர்களைப் பற்றிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அந்த ஆண்டு மே மாதம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுநாள், இரண்டு பாடங்களில் தவறியிருந்த எங்கள் மாணவன் ஒருவன் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றான். உரிய நேரத்தில் மருத்துவமனையில் சேர்த்துவிட்டதால் பிழைத்துக்கொண்டான். மூன்றாம் நாள் நான் பார்க்கப் போனபோது, வார்டுக்கு வெளியே நின்றிருந்த அவனுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வயித்து வலின்னு சொல்லியிருக்கோம் டீச்சர், நீங்களும் யார் கேட்டாலும் அப்படியே சொல்லிடுங்க, போலீஸ் கேஸ் ஆயிடும்" என்றார். அந்த அச்சத்தினாலேயே, உடலுக்கு மருத்துவம் முடிந்ததும் மனநல மருத்துவரைப் பார்க்காமல் பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப் போய்விட அவர்கள் துடித்தார்கள். 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, தன் 115-ஆம் பிரிவில், இப்படி முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும் என்றும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்றும், அவருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் தருவது அரசின் கடமை என்றும் கூறுகிறது. 2024 ஜூலையில் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வதை மட்டுமே குற்றமாக்கிய அந்தப் பழைய 309-ஆம் பிரிவு இடம்பெறவில்லை. ஆனால் அன்று, 2017-இலேயே நிறைவேறியிருந்த அந்த மனநலச் சட்டத்தைப் பற்றி அந்த அம்மாவுக்கு எடுத்துச் சொல்ல அந்த வார்டில் ஒருவரும் இல்லை. எனக்கே அப்போது அந்தப் பிரிவு தெரியாது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா" என்று அவனிடம் கேட்டேன். அவன் பதில் சொல்லாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அந்த அமைதியின் பொருள் எனக்கு விளங்க ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆயிற்று. அரையாண்டுத் தேர்வில் அவன் விடைத்தாளின் முதல் பக்கத்தில், எல்லோருக்கும் தெரியும்படி, மதிப்பெண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, வகுப்பின் முன் நிறுத்தி அதைக் கையில் கொடுத்தவள் நான். தோற்றுப்போவோமோ என்ற அச்சத்தை அந்த ஆளிடமே வந்து சொல்லும்படி ஒரு பிள்ளையை எதிர்பார்த்தது என் தவறு.

அடுத்த கல்வியாண்டில் நாங்கள் செய்த முதல் வேலை, பெரும்பாலான பள்ளிகள் செய்வதுதான். வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளரை அழைத்தோம்; இறைவணக்கக் கூட்டம் நடக்கும் திடலில் அறுநூறு பிள்ளைகளை வெயிலில் உட்காரவைத்தோம்; தன்னம்பிக்கையைப் பற்றி ஒன்றரை மணி நேரம் அவர் பேசினார்; சால்வை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டோம். அந்த வாரம் என்னிடம் வந்து பேசிய பிள்ளைகள் இருவர், இருவருமே கல்லூரிச் சேர்க்கையைப் பற்றிக் கேட்டவர்கள். பிறகு ஒரு வினாத்தாளைக் கொடுத்து மன அழுத்தம் உள்ளவர்களைக் கண்டறிய முயன்றோம். அதில் பெயர் எழுதச் சொல்லியிருந்தோம் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. விடைகளை வைத்துச் சில பிள்ளைகளைத் தனியே அழைத்தபோது, மற்றவர்கள் அவர்களுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். உதவிக்கு வழி செய்யாமல் யாருக்கு உதவி வேண்டும் என்று கணக்கெடுக்கக் கூடாது என்பதை அந்தப் பிள்ளைகளின் செலவில் நாங்கள் கற்றுக்கொண்டோம்.

மூன்றாவதாக, ஆசிரியர்களையே ஆலோசகர்களாக்க முயன்றோம். இரண்டு நாள் பயிற்சி பெற்றுவந்த நானும் இன்னொரு ஆசிரியரும் மதிய உணவு இடைவேளையில் நூலக அறையில் உட்கார்ந்தோம். எங்களிடம் பிள்ளைகள் வந்தார்கள். "தலை வலிக்குது மிஸ்", "வயிறு ஒரு மாதிரியா இருக்கு டீச்சர்" என்று சொன்னார்கள். அதற்கு மேல் சொல்லவில்லை. நாங்கள் என்னதான் கனிவாகக் கேட்டாலும், இரண்டு மணிக்கு மணி அடித்ததும் அதே பிள்ளையிடம் வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்க வேண்டியவர்களாகவே இருந்தோம்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில் நடத்தப்பட்ட 'சேஹர்' என்னும் ஆய்வைப் பற்றிப் படித்தபோது எங்கள் தோல்வியின் காரணம் எனக்குத் தெளிவாயிற்று. கோவாவில் 1996-இல் தொடங்கப்பட்ட சங்காத் என்னும் மனநலத் தொண்டு அமைப்பு அந்த ஆய்வை முன்னெடுத்தது. 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் அது வெளிவந்தது. பிள்ளைகளின் நலனுக்கான ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியரைக் கொண்டும், சில பள்ளிகளில் மருத்துவப் பட்டம் எதுவும் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற வெளியாள் ஒருவரைக் கொண்டும் நடத்திப் பார்த்தார்கள். வெளியாள் நடத்திய பள்ளிகளில் பள்ளியின் சூழல் மேம்பட்டது. மனச்சோர்வின் அறிகுறிகளும், பிள்ளைகள் ஒருவரையொருவர் துன்புறுத்துவதும், வன்முறையும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. ஆசிரியர்களின் அக்கறையில் குறை இருந்ததாக நான் இதைப் புரிந்துகொள்ளவில்லை. மதிப்பெண் பதிவேட்டைக் கையில் வைத்திருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பிள்ளைக்கு அவர் ஒரு தேர்வாளரே. ஆகவே, பதிவேடு கையில் இல்லாத பெரியவர் ஒருவர் பள்ளிக்குள் வேண்டும்; அவர் ஊரிலிருந்துதான் வர முடியும்.

அப்படிப்பட்ட ஒருவரை நாங்கள் ஆய்வைப் படித்துத் தேடவில்லை. அவர் தற்செயலாகவே கிடைத்தார். பக்கத்துக் குப்பத்து மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதிவந்த ஒரு பெண், தன் அண்ணன் மகளைப் பற்றிப் பேச 2019 ஆகஸ்டில் என்னிடம் வந்தார். அவர் கேட்ட விதமும், நான் சொன்னதை இடைமறிக்காமல் அவர் வாங்கிக்கொண்ட விதமும் எனக்கு வியப்பாக இருந்தன. விசாரித்தபோது, 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலைக்குப் பிறகு எங்கள் கடற்கரையில் உளவியல் ஆதரவுக்காகப் பயிற்சி பெற்ற உள்ளூர்த் தொண்டர்களில் அவரும் ஒருவர் என்று தெரிந்தது. அந்நாளில் பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனமும் தொண்டு நிறுவனங்களும், எல்லாவற்றையும் இழந்தவர்களிடம் எப்படி உட்கார்ந்து பேசுவது என்று கரையோர ஊர்களைச் சேர்ந்த பலருக்குக் கற்றுக்கொடுத்தன. திட்டங்கள் முடிந்தன, நிறுவனங்கள் திரும்பிச் சென்றன, ஆனால் கற்றுக்கொண்ட மனிதர்கள் ஊரிலேயே இருந்தார்கள். பதினைந்து ஆண்டுகளாக எங்கள் பள்ளியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தொலைவில் அப்படி ஒருவர் இருந்திருக்கிறார். நாங்களோ சென்னையிலிருந்து பேச்சாளரை வரவழைத்துக்கொண்டிருந்தோம். இத்தகைய வேலையைத் தொடங்க எண்ணும் எந்தப் பள்ளியும், புதிதாக யாரையும் தேடும் முன், பேரிடர்க் காலங்களில் யார் யார் தங்கள் ஊரில் வீடு வீடாகப் போனார்கள் என்று கேட்டுப் பார்க்கட்டும். 2011 இறுதியில் வந்த தானே புயல், 2015-இன் வெள்ளம், பெருந்தொற்று என எங்கள் மாவட்டத்தில் அப்படிப்பட்டவர்களுக்குக் குறைவில்லை.

பிள்ளைகள் அவரை 'அக்கா' என்று அழைத்தார்கள். அந்தச் சொல் நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாக வந்தது. வாரத்தில் இரண்டு நாள், புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும், காலை பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை அவர் பள்ளியில் இருப்பார். அதற்குப் பயன்படாமல் கிடந்த பொருள்வைப்பு அறையைச் சுத்தம் செய்து கொடுத்தோம். தலைமையாசிரியர் அறைக்கு எதிரில் ஓர் இடம் இருந்தும் அதை வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். தையல் பயிற்சிக்கும் விளையாட்டுப் பொருள்களுக்கும் அதே அறையைப் பயன்படுத்தும்படி கேட்டார். அறைக்குள் போகும் பிள்ளை எதற்காகப் போகிறது என்று பார்ப்பவர்களுக்குத் தெரியக் கூடாது என்பது அவருடைய எண்ணம். பிற்பாடு அரசு பள்ளிகள்தோறும் வைக்கச் சொன்ன 'மாணவர் மனசு' பெட்டி விஷயத்திலும் இதே அனுபவம் எங்களுக்குக் கிடைத்தது. அலுவலக வாசலில் வைத்திருந்த வரை பெட்டியில் ஒரு தாளும் விழவில்லை. அதைக் குடிநீர்த் தொட்டிக்குப் போகும் வழியில், பெண் பிள்ளைகள் கூட்டமாக நிற்கும் இடத்துக்கு மாற்றிய முதல் மாதத்திலேயே ஒன்பது கடிதங்கள் வந்தன. அவற்றில் நான்கு, கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாளைப் பற்றியவை. அந்தத் தாழ்ப்பாளை உடனே சரிசெய்தோம். சரிசெய்த பிறகுதான் மனத்தில் உள்ளவற்றை எழுதிய கடிதங்கள் வரத் தொடங்கின.

இனி நான் சொல்லப்போவது, இந்த முயற்சியையே முறித்துப் போட்டிருக்கக்கூடிய என் தவறு. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி அடிக்கடி வகுப்பில் மயங்கி விழுந்துகொண்டிருந்தாள். வீட்டில் இரவுகளில் நடக்கும் சண்டையை, தான் தூங்காமல் தம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை, அவள் அக்காவிடம் சொல்லியிருந்தாள். அவள் காலையில் தாமதமாக வந்தால் கடிந்துகொள்ளாமல் இருக்கப் பள்ளியில் ஏற்பாடு செய்ய முடியுமா என்று அக்கா என்னிடம் கேட்டார். காரணத்தை விரிவாகச் சொல்லவில்லை. நான் வற்புறுத்திக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதோடு நில்லாமல், நல்லெண்ணத்தோடுதான், வகுப்பாசிரியரிடம் முழுவதையும் சொன்னேன். அவரும் நல்லெண்ணத்தோடுதான், மறுநாள் வகுப்பில் அவளருகே போய், "வீட்ல இப்ப பரவாயில்லையாம்மா?" என்று கேட்டார். நாற்பது பிள்ளைகள் அதைக் கேட்டார்கள். அவள் அதற்குப் பிறகு பதினொரு நாள் பள்ளிக்கு வரவில்லை. அந்தப் பதினொரு நாளும் அக்காவின் அறைக்கு வேறு எந்தப் பிள்ளையும் வரவில்லை என்பதை வருகைக் குறிப்பேட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவளுடைய வீட்டுக்கு நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையை மட்டும் அசைத்தாள். மீண்டும் பள்ளிக்கு வந்தாள். ஆனால் என்னிடம் இயல்பாகப் பேச அவளுக்கு அந்த ஆண்டு முழுவதும் இயலவில்லை.

அதன் பிறகே ஒரு பக்க அளவில் ஓர் ஒப்பந்தத்தை எழுதினோம். இதைத் தொடக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும். பிள்ளை சொல்வதில் மூன்றே மூன்றை மட்டும் அக்கா பள்ளிக்குத் தெரிவிப்பார்: பிள்ளையின் உயிருக்கு ஆபத்து, பிள்ளையை யாரேனும் துன்புறுத்துவது, படிப்பை நிறுத்தித் திருமணத்துக்கோ வேலைக்கோ அனுப்பப்போவது. மற்றவற்றைக் கேட்கும் உரிமை தலைமையாசிரியருக்கும் இல்லை. "தாமதமாக வந்தால் கடிந்துகொள்ள வேண்டாம்" என்று அக்கா சொன்னால் காரணம் கேட்காமல் அதை ஏற்க வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012-இன்படி, அத்தகைய குற்றம் நடந்ததாகத் தெரியவரும் எவரும் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும்; தெரிவிக்காமல் மறைப்பது தண்டனைக்குரியது. ஆகவே, "எதையும் யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. அக்கா ஒவ்வொரு பிள்ளையிடமும் தொடக்கத்திலேயே இதைத் தன் வார்த்தைகளில் சொல்லிவிடுவார்: "நீ சொல்றது எங்கிட்டயே இருக்கும் கண்ணு. ஆனா உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா, மொதல்ல உங்கிட்ட சொல்லிட்டு, அப்புறம் இன்னொருத்தர்கிட்ட சொல்லுவேன்." இந்த நேர்மை பிள்ளைகளை விரட்டிவிடும் என்று நான் அஞ்சினேன். அப்படி நடக்கவில்லை. எல்லையைத் தெரிந்துகொண்ட பிள்ளை, எதை எப்போது சொல்வது என்று தானே முடிவு செய்துகொள்கிறது.

ஊரைச் சேர்ந்தவர்கள் உள்ளே வந்ததால் எங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய அறிவு, நாள்காட்டி பற்றியது. பள்ளிக்கு ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடியும் ஒரு நாள்காட்டிதான் தெரியும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாள்களில் தொழிலுக்குப் போகாத ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். கையில் காசு இருக்காது. கடன் கொடுத்தவர்கள் வாசலுக்கு வருவார்கள். குடியும் சண்டையும் கூடும். பொதுத் தேர்வு முடிவுகள் வருவது சரியாக அந்த அறுபத்தொரு நாளுக்குள்தான். பள்ளி மூடியிருக்கும், ஆசிரியர்கள் சொந்த ஊர்களுக்குப் போயிருப்போம். பிள்ளைக்கு ஆண்டிலேயே கடினமான பொழுது எதுவோ, அந்தப் பொழுதில் பள்ளி என்ற ஒன்று அந்த ஊரில் இருப்பதே இல்லை. 2018-இல் அந்த மாணவனுக்கு நடந்ததும் இதுவே. நான் பதினாறு ஆண்டுகள் அந்தக் கடற்கரையில் பாடம் நடத்தியிருந்தும் இந்த இரண்டு நாள்காட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. அக்காவின் மகளிர் குழுப் பெண்கள் அதை ஒரே வாக்கியத்தில் சொன்னார்கள். அதேபோல, வடகிழக்குப் பருவமழையில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படும் நாள்களில் குப்பத்துப் பிள்ளைகள் சரியாகத் தூங்குவதில்லை என்பதையும், அந்த வாரங்களில் வைக்கும் மாதத் தேர்வு எதையும் அளப்பதில்லை என்பதையும் அவர்கள்தான் எங்களுக்குச் சொன்னார்கள்.

ஆகவே, தேர்வு முடிவு நாளுக்கென்றே ஓர் ஏற்பாட்டைச் செய்தோம். மார்ச் இறுதியில், எந்தெந்தப் பிள்ளைகளைப் பற்றிக் கவலையாக இருக்கிறது என்று பாட ஆசிரியர்கள் பெயர்களைக் கொடுப்பார்கள். தவறிவிடக்கூடியவர்கள் மட்டுமல்ல, முதல் மதிப்பெண் வாங்கியே ஆக வேண்டும் என்று வீட்டில் நெருக்கப்படுபவர்களும் அந்தப் பட்டியலில் இருப்பார்கள். இவர்களை நாங்கள் முதல் ஆண்டு மறந்துபோனோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊரில் ஒரு பெரியவர் பொறுப்பாவார்: குழுப் பெண், கிராம சுகாதார செவிலியர், 2021 முதல் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராக இருந்த இளம்பெண், முன்னாள் மாணவர் என்று யாராவது ஒருவர். முடிவுக்கு முதல் நாள் மாலையும், முடிவு வந்த ஒரு மணி நேரத்துக்குள்ளும், மூன்றாம் நாளும் அவர் அந்த வீட்டுக்குப் போவார். முடிவு இப்போது கைபேசிக்குக் குறுஞ்செய்தியாக வந்துவிடுவதால், முன்பு பள்ளிப் பலகையின் முன்னால் நண்பர்களோடு நின்று பார்த்ததைப் பிள்ளை இன்று தனியாக ஓர் அறையில் பார்க்கிறது. அந்தத் தனிமையைத்தான் நாங்கள் உடைக்க விரும்பினோம்.

வீட்டுக்குப் போகிறவர் எதையும் போதிக்கக் கூடாது என்பது எங்கள் விதி. சாப்பிட்டாயா என்று கேட்கலாம், கூட உட்காரலாம். பெற்றோரிடம் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும்: துணைத் தேர்வு சில வாரங்களிலேயே நடக்கும், அதில் தேறினால் அதே ஆண்டில் கல்லூரியில் சேர முடியும், ஆண்டு வீணாவதில்லை. பல வீடுகளில் இந்த ஒரு செய்தியே தெரியாமல் இருந்தது. உள் கிராமங்களில் இன்னொன்றையும் செய்ய வேண்டியிருந்தது. எங்கள் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோவில் பகுதியில், சென்னையின் சிநேகா என்னும் தற்கொலைத் தடுப்பு அமைப்பினர் பூச்சிமருந்தை வீடுகளில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான ஓரிடத்தில் பூட்டிய பெட்டிகளில் வைக்கும் முறையைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த அளவுக்கு எங்களால் செய்ய முடியவில்லை. ஆனால், முடிவு வரும் மாதத்தில் அப்படிப்பட்ட பொருள்களைப் பூட்டி வைக்கவும், சாவியை வீட்டுப் பெரியவர் ஒருவர் தம்மிடமே வைத்துக்கொள்ளவும் ஊர்க் கூட்டத்தில் கேட்டுக்கொண்டோம். எந்தப் பிள்ளையையும் சுட்டாமல், எல்லா வீடுகளுக்கும் பொதுவாகச் சொன்னதால் யாரும் மனம் வருந்தவில்லை.

பள்ளியும் தன் பங்குக்கு ஒன்றை விட்டுக்கொடுத்தது. 2017 முதல் தமிழ்நாடு அரசு மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் முதலிடம் பெற்றவர்களின் பெயர்களை வெளியிடுவதை நிறுத்திவிட்டிருந்தும், எங்கள் பள்ளி வாசலில் மட்டும் முதல் மூன்று இடத்தவரின் படங்களோடு பதாகை தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கட்டுவதை நிறுத்த ஆசிரியர் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் வாதாட வேண்டியிருந்தது. எதிர்த்துப் பேசியவர்களின் நியாயமும் எனக்குப் புரிந்தது. அரசுப் பள்ளியின் பெருமையை ஊருக்குக் காட்ட வேறு வழி என்ன என்று அவர்கள் கேட்டார்கள். இப்போது அந்த ஆண்டு பள்ளியை முடிக்கும் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து நிற்கும் ஒரே படத்தை வாசலில் வைக்கிறோம்.

ஆண் பிள்ளைகள் அக்காவின் அறைக்கு வரவில்லை. முதல் ஆண்டு முழுவதற்கும் குறிப்பேட்டில் ஐந்து பேர்தான். அவர்கள் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுகிறவர்கள் அல்லர். பந்தைத் தட்டிக்கொண்டே, கரையில் கிடக்கும் படகின் மேல் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டே பேசுகிறவர்கள். ஊர் இளைஞர் மன்றத்தில் மாலையில் கபடி கற்றுக்கொடுக்கும், பகலில் படகுத் தொழிலுக்குப் போகும் ஓர் அண்ணனுக்கு அக்காவே நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பயிற்சி கொடுத்தார். அவர் கற்றுக்கொண்டவை மிகச் சிலவே: அறிவுரை சொல்ல அவசரப்படாமல் இருப்பது, வழக்கமாக வருகிற பையன் இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, கலகலப்பாக இருந்தவன் ஒதுங்கினாலோ தான் பெரிதாக மதிக்கும் பொருளைப் பிறருக்குக் கொடுத்தாலோ "செத்துடலாம்னு தோணுதாடா?" என்று தயங்காமல் நேராகக் கேட்பது. இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்க எல்லோரும் அஞ்சுகிறோம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று நினைக்கிறோம். அப்படி அல்ல என்பதையும், கேட்பதால் அந்தப் பிள்ளை பாரத்தை இறக்கிவைக்கவே வழி கிடைக்கிறது என்பதையும் மனநல மருத்துவர்கள் தெளிவாகச் சொல்கிறார்கள். அந்த அண்ணன் 2022-இல் ஒரு பையனிடம் அதைக் கேட்டார். அவன் "ஆமாண்ணே" என்றான். அன்றிரவே அவனைத் தனியே விடாமல் உடனிருந்து, மறுநாள் காலை அவன் தாயோடும் அவனோடும் மருத்துவமனைக்குப் போனார். அந்தப் பையன் இப்போது தொழிற்பயிற்சி நிலையத்தில் படிக்கிறான்.

மருத்துவத்தோடு இணைப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவினர் வட்ட மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாள்களில் வருகிறார்கள். எந்த நாள், எந்த அறை, யாரைக் கேட்க வேண்டும் என்பதைப் பிள்ளையை அனுப்பும் முன் நாமே ஒருமுறை போய்ப் பார்த்து வர வேண்டும். "பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லி அனுப்பிய பெற்றோரில் பலர் போகவே இல்லை. உடன் ஒருவர் போனபோதுதான் போனார்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் தொலைபேசி மனநலச் சேவையின் எண் 14416. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் வழங்கப்படுகிறது. எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். குழந்தைகளுக்கான 1098 எண்ணும் உண்டு. இந்த எண்களைச் சுவரில் எழுதியதோடு நாங்கள் நின்றுவிட்டிருந்தோம். "அப்பா ஃபோன்லேர்ந்து பேசினா நம்பர் அதுல நிக்குமே டீச்சர்" என்று ஒரு மாணவி கேட்ட பிறகுதான், அறையில் ஒரு கைபேசியை வைத்து, தேவைப்படும் பிள்ளை அக்காவின் துணையோடு அங்கிருந்தே பேசலாம் என்று ஏற்பாடு செய்தோம்.

மயங்கி விழுந்த மாணவியை வீட்டார் முதலில் அழைத்துப் போனது ஊர்க் கோயில் பூசாரியிடம். 'காத்து கருப்பு' என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். நான் அதை எதிர்த்துப் பேச நினைத்தேன், அக்கா தடுத்துவிட்டார். இராமநாதபுரம் மாவட்டத்தின் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த ஒரு காப்பகத்தில், 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் இறந்த கொடுமையை நாம் மறக்கக் கூடாது. அதே ஏர்வாடியில்தான் பிற்காலத்தில், தர்காவுக்கு வரும் மக்களைத் தடுக்காமல், அங்கேயே மருத்துவத்தையும் கிடைக்கச் செய்யும் 'தவா துவா' (மருந்தும் பிரார்த்தனையும்) திட்டம் வந்தது. அந்த வழியில், நாங்களும் பூசாரியைப் போய்ப் பார்த்தோம். "கயிறு நீங்க கட்டுங்க சாமி, கூடவே ஒரு தடவை டாக்டரையும் பாக்கச் சொல்லுங்க" என்று அக்கா கேட்டுக்கொண்டார். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். அதன் பிறகு அவரே இரண்டு குடும்பங்களை எங்களிடம் அனுப்பியிருக்கிறார். இதைப் படிக்கும் ஆசிரியர்களில் சிலருக்கு இது உவப்பாக இருக்காது என்று அறிவேன். பெற்றோர் யாருடைய சொல்லைக் கேட்கிறார்களோ அவரைப் பகைத்துக்கொண்டு அவர்களுடைய பிள்ளையை மருத்துவரிடம் சேர்க்க என்னால் முடிந்ததில்லை.

2020 மார்ச்சில் பள்ளி மூடப்பட்டபோது எல்லாம் நின்றுவிடும் என்று நினைத்தேன். நின்றது பள்ளியின் பகுதி மட்டுமே. அக்காவும் குழுவினரும் ரேஷன் கடை வரிசையிலும் குழாயடியிலும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். 2021 செப்டம்பர் 1 அன்று ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வகுப்புகள் மீண்டும் தொடங்கியபோது, வராத பிள்ளைகள் யார் எங்கே இருக்கிறார்கள் என்ற விவரம் பள்ளிக்கு முன்பே அவர்களிடம் இருந்தது. நிச்சயம் செய்யப்பட்டிருந்த இரண்டு திருமணங்கள் அப்படித்தான் தடுக்கப்பட்டன.

இப்போது என்னைக் கவலைக்குள்ளாக்கும் இரண்டு உண்டு. ஒன்று பணம். அக்காவுக்கு மாதம் மூவாயிரம் ரூபாயை முன்னாள் மாணவர்கள் சிலர் தருகிறார்கள். 2022-இல் மாற்றியமைக்கப்பட்ட பள்ளி மேலாண்மைக் குழு இதைத் தன் பொறுப்பாகத் தீர்மானத்தில் எழுதியிருப்பதால் ஓரளவு உறுதி கிடைத்திருக்கிறது. ஆயினும் இந்த வேலைக்கு அந்தத் தொகை நியாயமானது அல்ல. சேவை மனப்பான்மை என்ற சொல்லால் அதை மூடிவிட நான் விரும்பவில்லை. மற்றொன்று, கேட்பவரின் பாரம். மூன்றாம் ஆண்டில் அக்கா இரவில் தூக்கமில்லாமல் இருப்பதாக ஒருநாள் சொன்னார். நாங்கள் எல்லோரும் அவரிடம் பிள்ளைகளை அனுப்பினோமே தவிர, அவர் யாரிடம் போவார் என்று எவரும் கேட்டிருக்கவில்லை. இப்போது மாதம் ஒருமுறை மாவட்டக் குழுவின் உளவியலாளரைப் பார்த்துப் பேசிவிட்டு வருகிறார். அன்றைய பேருந்துச் செலவும் மதிய உணவும் பள்ளியின் பொறுப்பு. மே மாதம் முழுவதும் முடிவு நாள் வேலை இருப்பதால் ஜூனில் இரண்டு வாரம் அவருக்கு ஓய்வு. பள்ளியை முடித்த இரண்டு பெண்கள் அவருக்குத் துணையாகப் பழகிவருகிறார்கள்.

இந்த ஆண்டின் பெற்றோர் கூட்டத்தை ஏப்ரல் இரண்டாம் வாரத்தில், தடைக்காலம் தொடங்கும் முன், மாலை ஏழு மணிக்கு, குப்பத்து வலை பின்னும் கூடத்தில் வைத்திருக்கிறோம். பள்ளியில் கூட்டினால் தாய்மார்கள் மட்டுமே வருகிறார்கள். கூடத்தில் என்றால், தகப்பன்மார் வலையைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் தரையில் அவர்களோடு உட்கார்ந்துகொள்வோம்.